உருக்கினுள் சிறைப்பட்ட ஹைட்ரஜன்: அதனை அளந்தறிந்த வரலாறு

உலோகங்களுள் உறுதிக்குப் பெயர்போனது உருக்கு. தனிமங்கள் அனைத்தினும் இலேசானது நீரகம் எனப்படும் ஹைட்ரஜன். ஒரு டன் உருக்கினுள் சில கிராம் ஹைட்ரஜன் புகுந்துவிடுமாயின், வளைந்து கொடுக்க வேண்டிய அவ்வுருக்கு வளையாமல் கண்ணாடிபோல் முறிந்துபோதல் கூடும். மிக வலியதை மிக இலேசானது முறிக்கும் இவ்விந்தையையே உலோகவியலார் ஹைட்ரஜனால் விளையும் நொறுங்குதன்மை என்பர்.

ஆலைகளையும் பணிமனைகளையும் அடுத்த குடியிருப்புகளில் வாழும் நம்மவருக்கு இஃது அயலான செய்தியன்று. வெல்டிங் ராடுகளை அடுப்பில் வைத்து ஈரம் போக்கிய பின்னரே எடுத்து ஆள்வதும், துத்தநாகமோ காட்மியமோ பூசப்பெற்ற வலிமை மிக்க போல்ட்டுகளைச் சில மணி நேரத்துக்குள் சூளையில் இட்டு வாட்டுவதும் நம் அன்பர்கள் பலர் அன்றாடம் செய்துவரும் பணிகளே. இவ்விதிகளை வகுத்தவர் யாவர், எவ்வாறு வகுத்தனர் என்பதனை எண்ணிப் பார்ப்போர் சிலர். அவற்றின் பின்னே ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கின்றது. உருக்கினுள் மொத்தம் எவ்வளவு ஹைட்ரஜன் உள்ளது என்பதைக் காட்டிலும், அஃது எங்கே, எத்துணை இறுக்கமாகப் பிடிபட்டு நிற்கின்றது என்பதே உருக்கின் கதியைத் தீர்மானிக்கும் என்பது அவ்வரலாற்றின் சாரம். இவ்வொரு செய்தியை அறிந்துகொள்ள அறிஞர்களுக்குப் பல தலைமுறைகள் பிடித்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை, கைக்குச் சிக்காமல் நழுவும் ஒரு பொருளை, அளந்து காண வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

வெற்றிடத்தில் வெளிவந்த வாயு

உலோகத்தினுள் வாயு ஒளிந்திருத்தல் கூடும் என்பதை அளந்து காட்டிய முன்னோடி தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர். இலண்டன் நாணயச் சாலையின் தலைவராக இருந்த இவர், உலோகத் துண்டுகளைச் சூடேற்றி, அவற்றினின்று வெளிப்படும் வாயுவைப் பாதரசப் பம்பினால் உறிஞ்சி எடுத்து அளந்தார். 1866ஆம் ஆண்டில், பல்லேடியம் என்னும் உலோகம் தன் கொள்ளளவைப் போல் அறுநூறு மடங்குக்கும் மேற்பட்ட ஹைட்ரஜனை உட்கொள்வதைக் கண்டார். மறு ஆண்டில் லெனார்ட்டோ விண்கல்லின் இரும்பைச் சூடேற்றியபோது, அவ்விரும்பின் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வாயு வெளிவந்தது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜனாகவே இருந்தது. விண்வெளியில் எங்கோ உட்கொண்ட வாயுவை அந்த இரும்பு இலண்டன் ஆய்வுக்கூடம் வரையில் சுமந்து வந்திருந்தது எனக் கிரஹாம் கருதினார்.

உலோகத்துள் வாயு அடைபட்டிருக்கும் இந்நிலைக்கு அவர் தனிப்பெயரும் இட்டார். எனினும், அவ்வாறு அடைபட்ட வாயு உலோகத்துக்கு என்ன தீங்கு விளைக்கும் என்பது அவருடைய ஆராய்ச்சியின் பொருளாக இருக்கவில்லை. 1869இல் கிரஹாம் காலமானார். தீங்கினைக் கண்டு சொல்லும் பணி வேறொருவருக்கு வாய்த்தது.

அமிலத்தில் தோய்ந்த கம்பி

இரும்புக் கம்பி இழுக்கும் தொழிலில், கம்பியின் மேல் படிந்த செதிலைப் போக்குதற்கு அதனை அமிலத்தில் தோய்த்தெடுப்பது வழக்கம். 1875ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கை ஏட்டில் வில்லியம் ஜான்சன் என்பார் இத்தகைய கம்பியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வளைத்து வளைத்துப் பார்த்தாலும் முறியாத நல்ல இரும்புக் கம்பி, அமிலத்தில் சில நிமிடங்கள் கிடந்த பின்னர் ஒரு முறை வளைத்த அளவிலேயே முறிந்தது. முறிந்த முகத்தை ஈரப்படுத்தியபோது அதன்மேல் சிறுசிறு குமிழிகள் நுரைத்தெழுந்தன. அதனினும் வியப்பானது, இந்நோய் நிலையானதன்று என்பது. கம்பியைச் சில நாள் அப்படியே விட்டுவைத்தாலும், மிதமாகச் சூடேற்றினாலும், அது தன் பழைய உறுதியை மீண்டும் பெற்றது.

ஜான்சன் பல அமிலங்களை ஒப்பிட்டு நோக்கினார். இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிடும் அமிலங்களே இத்தீங்கைச் செய்தன, ஏனையவை செய்யவில்லை. எனவே, கம்பியைக் கெடுப்பது அமிலமன்று, அமிலத்தினின்று பிறந்து இரும்பினுள் நுழைந்த ஹைட்ரஜனே என்று அவர் முடிவு கட்டினார். மென்மையான இரும்பைக் காட்டிலும் வலிய உருக்கே மிகுதியாகக் கெடுகின்றது என்பதும் அவர் கண்ட உண்மை. வலிமை ஏற ஏற இடரும் ஏறும் என்னும் இவ்விதி இன்றளவும் பொறியாளர்களை அச்சுறுத்திக்கொண்டிருக்கின்றது.

தண்டவாளத்தினுள் வளர்ந்த பிளவு

1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் மான்செஸ்டர் என்னும் ஊரருகே ஓடிக்கொண்டிருந்த பயணிகள் இரயில் ஒன்றின் கீழ்த் தண்டவாளம் துண்டு துண்டாக முறிந்தது. பெட்டிகள் பாலத்தினின்று கீழே விழ, 29 பேர் உயிரிழந்தனர். தண்டவாளத்தின் மேற்பரப்பில் பழுது ஏதும் தென்படவில்லை. அதன் தலைப்பகுதியின் உள்ளே, வெளிக்குத் தெரியாமல் குறுக்குப் பிளவு வளர்ந்திருந்தது. இத்தகைய பிளவுகளுக்கு வித்தாக அமையும் உள்விரிசல்கள், உருக்கு ஆறுங்கால் அதனுள் அகப்பட்ட ஹைட்ரஜனால் உண்டாகின்றவை என்பது பின்னரே தெளிவாயிற்று.

அதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். ஏறக்குறைய 1600 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் உருகிய இரும்பு, பத்து லட்சத்தில் 25 பங்கு வரையில் ஹைட்ரஜனைக் கரைத்துக்கொள்ள வல்லது. குளிர்ந்து கெட்டியான பின்னரோ அதில் ஒரு சிறு பகுதிக்குக்கூட உள்ளே இடமிராது. காற்றின் ஈரமும், சுண்ணாம்பின் ஈரமும், துருவின் ஈரமும் உலையில் ஹைட்ரஜனாகப் பிரிந்து உருக்கில் கலக்கின்றன. விரைவில் குளிரும் உருக்கினின்று வெளியேற அவகாசம் பெறாத ஹைட்ரஜன் உள்ளேயே தேங்கி விரிசல்களை உண்டாக்குகின்றது. ஆதலின், சூடான தண்டவாளங்களை மூடிய பெட்டிகளில் இட்டு மெல்ல மெல்ல ஆறவிடும் முறை 1930களில் பரவியது. 1950களில் உருகிய உருக்கை வெற்றிடத்தில் வைத்து வாயுவை இழுத்தெடுக்கும் முறைகள் ஜெர்மனியில் உருவாயின. இக்காலத்தில் தண்டவாளத்துக்கு உரிய உருக்கில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் இரண்டு பங்கைத் தாண்டாமல் காப்பது நல்ல ஆலைகளின் நெறி. ஒரு டன்னுக்கு இரண்டு கிராம் என்பதே இதன் பொருள்.

கணக்கில் வராத ஹைட்ரஜன்

தீங்கு செய்வது ஹைட்ரஜன் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. எவ்வாறு செய்கின்றது என்பது மட்டும் விளங்காமலே இருந்தது. 1926இல் பைல் என்னும் ஆங்கிலேய அறிஞர், ஹைட்ரஜன் ஏறிய இரும்பில் படிக மணிகளின் எல்லைகளிலும், படிகத்தின் சில தளங்களிலும் பிணைப்புத் தளர்வதை இழுவிசைச் சோதனையால் காட்டினார். அதற்கு மேல் செல்லத் தடையாக இருந்தது ஒரு முரண்பாடு.

இரும்பினுள் ஹைட்ரஜன் எத்துணை விரைவாக ஊடுருவிச் செல்கின்றது என்று பலரும் அளந்தனர். ஒருவர் கண்ட விடை மற்றொருவருடையதோடு பொருந்தவில்லை. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பெற்ற தூய இரும்பில், ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை ஹைட்ரஜன் அணு அறை வெப்பநிலையிலேயே ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். சாதாரண உருக்கிலோ அதே தூரத்தைக் கடக்க மணிக்கணக்கில் ஆகின்றது. நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என வேறுபாடு தோன்றிற்று. அளந்தவர் பிழையா, உலோகத்தின் இயல்பா என்பது புதிராகவே நீடித்தது.

1949ஆம் ஆண்டில் அமெரிக்க உலோகவியலாராகிய டார்க்கனும் ஸ்மித்தும் அப்புதிரின் முதல் முடிச்சை அவிழ்த்தனர். சூடேற்றி மெல்ல ஆறவைத்த உருக்கையும், குளிர்ந்த நிலையிலேயே அடித்தும் இழுத்தும் உருமாற்றிய உருக்கையும் அமிலத்தில் இட்டு ஒப்பிட்டனர். இழுக்கப்பெற்ற உருக்கு பன்மடங்கு ஹைட்ரஜனை உட்கொண்டது. அவ்வாறு உட்கொண்டதை மிக மெதுவாகவே வெளிவிட்டது. உருமாற்றத்தால் அணு அடுக்கில் ஏற்பட்ட குலைவுகள் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன என்று அவர்கள் கருதினர். உருக்கினுள் ஹைட்ரஜன் பொறியில் அகப்பட்டு நிற்கும் என்னும் கருத்து இவ்வாறு உருப்பெற்றது.

மழை ஓய்ந்த தெருவை நினைத்துக்கொள்வோம். சமதளத்தில் விழுந்த நீர் உடனே ஓடிவிடுகின்றது. குழிகளில் விழுந்த நீரோ தேங்கி நிற்கின்றது. ஆழமற்ற குழி அன்றே உலரும். ஆழ்ந்த குழி பல நாள் ஈரம் காக்கும். உருக்கினுள்ளும் அவ்வாறே படிக மணிகளின் எல்லைகள், அணு அடுக்குக் குலைந்த கோடுகள், நுண்ணிய வெற்றிடங்கள், கார்பைடு துகள்கள் ஆகிய அனைத்தும் வெவ்வேறு ஆழமுள்ள குழிகள். 1963இல் மக்நாப், ஃபாஸ்டர் என்னும் இருவர் இதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். 1970இல் ஓரியானி அதனை எளிமைப்படுத்தி, ஓடும் ஹைட்ரஜனுக்கும் தேங்கிய ஹைட்ரஜனுக்கும் இடையே நிலவும் சமநிலையை விளக்கினார். பலருடைய அளவைகள் ஏன் ஒன்றோடொன்று மாறுபட்டன என்பது அப்போது தெளிவாயிற்று. அவர்கள் கையாண்ட உருக்குகளில் இருந்த குழிகள் வேறு வேறு.

தேவநாதனின் கலம்

ஓடுவது எவ்வளவு, தேங்குவது எவ்வளவு என்று பிரித்தளக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அதனை அளித்த இருவருள் ஒருவர் தமிழ்ப்பெயர் தாங்கியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எம். ஏ. வி. தேவநாதன் என்னும் மின்வேதியியல் அறிஞர் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிகழ்த்தியவர். அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டாகுர்ஸ்கி என்பாருடன் சேர்ந்து, 1962இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறையில் புதுவழி திறந்தது. கிரஹாம் கையாண்ட அதே பல்லேடியமே இவர்களுடைய முதற் சோதனைப் பொருளாயிற்று. ஜான்சன் எழுதிய அதே ஏட்டிலேயே இவர்களுடைய கட்டுரையும் வெளிவந்தது.

அவர்களுடைய அமைப்பு எளிமையானது. இரண்டு கண்ணாடிக் கலங்களுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு ஒன்றைச் சுவர்போல் நிறுத்தினர். ஒரு பக்கத்தில் மின்சாரம் செலுத்தி, தகட்டின் முகத்தில் ஹைட்ரஜனைத் தோற்றுவித்தனர். அதில் ஒரு பகுதி தகட்டினுள் புகுந்து மறுபக்கம் நோக்கிச் சென்றது. மறுபக்கத்தில் காரக் கரைசல் இருந்தது. அங்கே வெளிவரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் உடனுக்குடன் ஒரு மின்னணுவை இழக்குமாறு மின்னழுத்தத்தை அமைத்தனர். அவ்வாறு இழக்கப்பெற்ற மின்னணுக்களின் ஓட்டமே மீட்டரில் மின்னோட்டமாகக் காட்டும். மின்னோட்டத்தை அளந்தால் அணுக்களை எண்ணியதாகும்.

இதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மீட்டரில் ஒரு மைக்ரோ ஆம்பியர் தோன்றுமாயின், விநாடிக்கு ஏறக்குறைய 6 லட்சம் கோடி அணுக்கள் வெளிவருகின்றன என்பது கணக்கு. அணுக்களின் எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினும், எடையில் அஃது ஒரு கிராமில் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கே. எந்தத் தராசும் காட்டாத இவ்வெடையைச் சாதாரண மின்மானி காட்டிவிடுகின்றது.

பொறிகளை அறிந்துகொள்ளவும் இக்கலமே உதவுகின்றது. முதன்முறை ஹைட்ரஜனைச் செலுத்தும்போது அது குழிகளை நிரப்பிக்கொண்டே செல்வதால் மறுபக்கம் வந்து சேரத் தாமதமாகின்றது. ஓடுவதை வடியவிட்டு இரண்டாம் முறை செலுத்தினால், ஆழ்ந்த குழிகள் முன்னரே நிரம்பியிருப்பதனால் விரைவில் வந்து சேர்கின்றது. இவ்விரு ஓட்டங்களின் வேறுபாடே, விடாமல் பற்றிக்கொள்ளும் பொறிகளின் அளவைக் காட்டுகின்றது. 1963இல் தேவநாதன், ஸ்டாகுர்ஸ்கி, பெக் ஆகிய மூவரும், மின்முலாம் பூசும் தொட்டிகள் உருக்கைக் கெடுக்குமா எனச் சோதிக்க இம்முறையைக் கையாண்டனர். ஆய்வுக்கூடத்தில் பிறந்த கலம் மறு ஆண்டிலேயே தொழிற்சாலைக்குப் பயன்பட்டது. 2004இல் சர்வதேசத் தர அமைப்பு இம்முறையைத் தன் தர விதிகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் இக்கருவி இன்றும் தேவநாதன்-ஸ்டாகுர்ஸ்கி கலம் என்றே வழங்குகின்றது.

பின்னர்த் தேவநாதன் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதனால் தோன்றிய நிலையம் அது. 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் நேரு பெருமகனார் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கலையொட்டி, டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

வெப்பம் சொல்லும் சாட்சி

கலத்தின் வழியே பொறிகளின் அளவை அறியலாம். ஒவ்வொரு பொறியின் ஆழத்தையும் தனித்தனியே அறிய வேறொரு வழி பிறந்தது. கிரஹாம் செய்தது போலவே உலோகத்தைச் சூடேற்றி வாயுவை அளப்பதுதான் அது. ஆனால், இம்முறை வெப்பத்தை ஒரே சீராகச் சிறிது சிறிதாக ஏற்றி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு வாயு வெளிவருகின்றது என்று தொடர்ந்து குறித்துவந்தனர். 1982இல் கொரிய நாட்டின் சூ, லீ என்னும் இருவர் தூய இரும்பில் இதனைச் செய்து காட்டினர். வாயு ஒரே நேரத்தில் வெளிவரவில்லை. மூன்று சிகரங்களாக வந்தது. ஏறக்குறைய 112 டிகிரியில் படிக மணி எல்லைகளில் இருந்தது வெளிவந்தது. 215 டிகிரியில் குலைந்த கோடுகளில் இருந்தது வந்தது. 305 டிகிரியில் நுண்ணிய வெற்றிடங்களில் இருந்தது வந்தது. ஆழமற்ற குழி முதலில் உலர்வது போன்றதே இதுவும்.

இச்சோதனையில் பெருந்தடை ஒன்று உண்டு. சோதனைத் துண்டை மேசைமேல் வைத்துக் காத்திருந்தால், இறுக்கமின்றி நிற்கும் ஹைட்ரஜன் அளப்பதற்கு முன்னமே நழுவிப் போய்விடும். தீங்கு செய்வதில் முன்நிற்பதும் பெரும்பாலும் அதுவே. ஆதலின் துண்டை உடனே திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி, சுழியத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் காத்து வைக்கின்றனர்.

ஹைட்ரஜன் அணு பொறியில் இருப்பதை நேரே காண்பதோ அண்மைக்காலம் வரை கைகூடவில்லை. எக்ஸ் கதிருக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் அது மிகச் சிறியது. உலோக ஊசிமுனையினின்று அணுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து அவற்றின் இடத்தைக் குறிக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் அறையிலேயே ஹைட்ரஜன் எஞ்சி நின்று கணக்கைக் குழப்புவதால், இரட்டிப்பு எடையுள்ள டியூட்டீரியத்தை உருக்கில் ஏற்றி, கடுங்குளிரில் வைத்தே ஆராய்ந்தனர். 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் உடனுழைத்தோரும் நுண்ணிய கார்பைடு துகள்களினுள் அது சிறைப்பட்டு நிற்பதைக் கண்டனர். 2020இல் சிட்னி பல்கலைக்கழகத்தாரும் பிறரும், மணி எல்லைகளிலும் குலைந்த கோடுகளிலும் அது நிற்பதைக் காட்டினர். டார்க்கனும் ஸ்மித்தும் ஊகித்தது எழுபது ஆண்டுகளுக்குப் பின் கண்ணுக்குப் புலனாயிற்று.

அளவினால் விளைந்த பயன்

இவ்வளவு அளந்ததனால் பெற்ற பயன் யாது எனக் கேட்பது முறையே. ஆழ்ந்த பொறியில் அகப்பட்ட ஹைட்ரஜன் அசையாது. அசையாதது பெரும்பாலும் தீங்கு செய்யாது. சுமை தாங்கும் இடத்தை நாடி ஓடும் ஹைட்ரஜனே கொடியது. எனவே, டைட்டேனியம், வனேடியம் ஆகியவற்றின் கார்பைடு துகள்களை நுண்ணியனவாக உருக்கில் தூவி, ஓடும் ஹைட்ரஜனைப் பிடித்து அடக்கலாம் என்னும் வழி புலப்பட்டது. நோய்க்குக் காரணமென எண்ணப்பட்ட பொறிகளே, தக்கவாறு அமைத்தால், காவலாகவும் நிற்கின்றன.

போல்ட்டை வாட்டும் விதியின் பொருளும் இதனால் விளங்கும். முலாம் பூசி நான்கு மணி நேரத்துக்குள், ஏறக்குறைய 190 முதல் 220 டிகிரி வெப்பத்தில், பல மணி நேரம் வைத்தால், ஓடும் ஹைட்ரஜன் வெளியேறும். அல்லது ஆழ்ந்த பொறிகளில் ஒடுங்கும். தாமதித்தால், அதற்குள் அது விரிசலை விதைத்துவிடக் கூடும். இத்தகைய முறிவு உடனே நிகழ்வதன்று. இறுக்கிய போல்ட் அன்று நிற்கும், மறுநாளும் நிற்கும். பின்னர் யாரும் தொடாத வேளையில் முறியும். சுமை ஏற்றிப் பார்த்துச் சரி என்று கையொப்பமிட்ட பின்னர் முறிவதே இதன் கொடுமை.

2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லண்டையும் இணைக்கும் புதிய பாலத்தில் இதுவே நிகழ்ந்தது. மூன்று அங்குல விட்டமுள்ள, துத்தநாகம் பூசிய 96 தண்டுகளை இழுத்து இறுக்கினர். இரண்டு வாரங்களுக்குள் அவற்றுள் 32 முறிந்தன. அவை பொருத்தப்பெற்ற குழிகளில் ஐந்தாண்டு அளவும் நீர் தேங்கியிருந்தது. முறிவுக்குக் காரணம் ஹைட்ரஜனே என ஆய்வில் தெரிந்தது. பாலம் திறப்பதற்கு முன்னரே முறிந்ததனால் உயிர்ச்சேதம் நேரவில்லை. பழுதை ஈடுசெய்ய உருக்குச் சேணம் ஒன்று அமைக்கச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவாயிற்று.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம் ஏற்கப்பெற்றது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் உற்பத்தி செய்வது அதன் குறிக்கோள். அவ்வளவு ஹைட்ரஜனையும் குழாய்களிலும் உருளைகளிலும்தான் கொண்டு செல்ல வேண்டும். அவற்றுள் பல உருக்கினால் ஆனவை. முன்பு உருக்கினுள் தற்செயலாகப் புகுந்த வாயுவை இனி நாமே உருக்கினால் சூழ்ந்து வைக்கப் போகின்றோம். ஒவ்வொரு குழாயின் உருக்கும் எத்துணை ஹைட்ரஜனை உட்கொள்ளும், அதில் ஓடுவது எவ்வளவு, ஒடுங்குவது எவ்வளவு என்று அளந்து சொல்லும் பணி இன்று பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளின் கையில்தான் விழும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்களுள் காரைக்குடி வழியே செல்வன பல. செட்டிநாட்டு மாளிகைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர், அவ்வூரின் ஆராய்ச்சி நிலையத்தையும் சுட்டிக்காட்டி, இரண்டு கண்ணாடிக் கலங்களுக்கு நடுவே ஒரு தகட்டை நிறுத்தி அணுக்களை எண்ணிய தேவநாதன் இங்கே பணிபுரிந்தார் என்று சொல்வாராக. ஆலையில் பணிபுரியும் அன்பர்களோ, சூளையில் இட்ட போல்ட்டுகளை நேரம் முடியுமுன் அவசரப்பட்டு எடுக்காதிருப்பாராக.